குழந்தைகளோடு அச்சிட்டுச் செய்யும் பண்டிகைப் பரிசுகள்: உங்கள் கையை எங்கே நிறுத்துகிறீர்கள்?

நீலவிரல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. பண்டிகை விடுமுறைக்கு இன்னும் 4 வாரம் இருக்கிறது. மகளுக்கு 6 வயது, மகனுக்கு 3. சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று 12 வீடுகளுக்குக் கொடுக்க, கையால் அச்சிட்டு ஏதாவது செய்யலாம் என்று மகள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டாள். எனக்கும் ஆசைதான். சென்ற ஆண்டு நடந்ததை நினைத்தால்தான் தயக்கமாக இருக்கிறது.

அப்போது துணிப்பைகள் வாங்கினோம். உருளைக்கிழங்கை வெட்டிப் பூ அச்சு செய்தேன். வீட்டில் இருந்த போஸ்டர் கலரைத் தட்டில் ஊற்றி, முக்கி முக்கிப் பதித்தோம். பாதிப் பூக்கள் வழுக்கி இழுபட்டன. சில இடங்களில் சாயம் குளம் கட்டி நின்றது. பிள்ளைகள் தூங்கிய பிறகு நான் உட்கார்ந்து, தூரிகையால் ஒவ்வொரு பூவுக்கும் இதழ் வரைந்து சரிசெய்தேன். காலையில் மகள் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒன்றை மட்டும் வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "இது என் பூ இல்லையே, அம்மா" என்றாள். அழவில்லை. பையை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு அந்தப் பைகளை யாரிடம் கொடுத்தபோதும் அவள் என் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. போதாக்குறைக்கு, ஒரு வீட்டில் பையைத் துவைத்ததும் சாயம் முழுவதும் போய்விட்டதாம்.

என் கேள்வி இரண்டு. துவைத்தாலும் நிற்கிற மாதிரி, சின்னக் கைகளால் எதில், எதைக்கொண்டு அச்சிடலாம்? நான் எந்த அளவுக்கு உதவலாம், எங்கே கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்? இரண்டாவது கேள்விக்குத்தான் எனக்கு அதிகமாகப் பதில் தேவை.


கட்டைஅச்சு

வணக்கம் சகோதரி. துணியில் மரக்கட்டை அச்சுப் பதிப்பது என் தொழில். 22 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டாவது கேள்விக்கு இங்கே தாய்மார்களும் ஆசிரியர்களும் சொல்வார்கள். முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன்.

சாயம் போனதற்குக் காரணம் போஸ்டர் கலர். நீரில் கரையும் பசையில் குழைத்த வண்ணம் அது. காகிதத்தில் நிற்கும். துணியில் தண்ணீர் பட்டதும் பசை கரையும், வண்ணமும் அதோடு போய்விடும். துணிக்கென்றே விற்கும் ஃபேப்ரிக் பெயின்ட்டில் அக்ரிலிக் பிசின் இருக்கிறது. அது காய்ந்து சூடும் பட்டால் நூலிழையைச் சுற்றிப் படலமாக இறுகிக்கொள்ளும். ஆகவே பதித்த பிறகு 24 மணி நேரம் காயவிட்டு, துணியைப் பின்பக்கமாகத் திருப்பி, ஆவியில்லாமல் 3 முதல் 5 நிமிடம் இஸ்திரி போடுங்கள். பாட்டிலில் வேறு கணக்கு எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். முதல் சலவைக்கு ஒரு வாரம் பொறுப்பது நல்லது.

துணியைப் பற்றி ஒன்று. கடையிலிருந்து வரும் புதுத் துணியில் கஞ்சிப் பசை ஏற்றியிருப்பார்கள். துவைக்காமல் பதித்தால் வண்ணம் பசைமேல்தான் உட்காரும், இழைக்குள் போகாது. சோப்புப் போட்டுத் துவைத்து, காயவைத்து, சுருக்கம் இல்லாமல் இஸ்திரி போட்ட பிறகே மேசைக்குக் கொண்டுவாருங்கள். முழுப் பருத்தியாக இருக்கட்டும். பாலியஸ்டர் கலந்தது வேண்டாம்.

பூ வழுக்கியதற்கும் குளம் கட்டியதற்கும் காரணம் தட்டு. அச்சை வண்ணத்தில் முக்கவே கூடாது. ஒரு தட்டில் ஈரமான மெல்லிய ஸ்பாஞ்சையோ நாலாக மடித்த பழைய துணியையோ வையுங்கள். அதன்மேல் ஒரு கரண்டி வண்ணத்தை விட்டுப் பரப்பித் தேய்த்துவிடுங்கள். அச்சை அதில் மெதுவாக ஒற்றி எடுத்தால், மேட்டில் மட்டும் வண்ணம் பிடிக்கும், பள்ளம் சுத்தமாக இருக்கும். அச்சின் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெல்வெட் போல மங்கலாகத் தெரிந்தால் சரி. ஈரம் பளபளத்தால் அதிகம். முதல் பதிப்பை எப்போதும் பழைய செய்தித்தாளில் பதியுங்கள். இரண்டாவது பதிப்புதான் துணிக்கு.

உருளைக்கிழங்கை வெட்டியதும் நீர் கசியும். அந்த நீர்தான் வண்ணத்தை நீர்க்கச் செய்து வழுக்கவிடுகிறது. வெட்டிய முகம் கீழே இருக்கும்படி உலர்ந்த துணியில் 15 நிமிடம் கவிழ்த்து வைத்துவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். பலர் கூர்மையில்லாத சின்னக் கத்தியால் அறுக்கிறார்கள், முகம் அலைபோல வந்துவிடுகிறது. பெரிய கத்தியால் ஒரே வெட்டாக வெட்டினால்தான் முகம் தட்டையாக இருக்கும். அதை நீங்களே செய்துவிடுங்கள்.

கடைசியாக மேசை. நாங்கள் வெறும் பலகைமேல் பதிப்பதில்லை. பல மடிப்புத் துணி விரித்து மெத்தென்று ஆக்கிய மேசையில்தான் பதிப்போம். அச்சின் முகத்தில் சின்ன மேடுபள்ளம் இருந்தாலும் அந்த மெத்தை ஈடுகொடுக்கும். நீங்கள் ஒரு கம்பளியை மடித்து விரித்து, மேலே பழைய வேட்டியோ படுக்கை விரிப்போ போட்டு இழுத்துக் கட்டிவிடுங்கள். குழந்தைகள் கை ஒரே சீராக அழுத்தாது. அவர்களுக்குத்தான் இந்த மெத்தை மிகவும் தேவை.


சாரல்

இரவில் திருத்தாதீர்கள் அக்கா. மற்றதெல்லாம் பிறகு.


வகுப்பறைஜன்னல்

மழலையர் வகுப்பில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். கட்டைஅச்சு ஐயா சொன்ன மெத்தையையும் ஸ்பாஞ்சுத் தட்டையும் நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பதில் அவற்றில் இருக்கிறது என்பது என் எண்ணம். தட்டும் மேசையும் சரியாக இருந்தால், குழந்தையின் கையைப் பிடித்துத் திருத்த வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. பெரியவர்களின் வேலை குழந்தைகள் வருவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

3 வயதுக்கு வெண்டைக்காயைப்போல நல்ல அச்சு வேறில்லை. குறுக்கே வெட்டினால் ஐந்து மூலையுள்ள பூ தானாக இருக்கிறது, செதுக்க ஒன்றுமில்லை. காம்புப் பக்கத்தை நீளமாக விட்டு வெட்டுங்கள், அதுவே கைப்பிடி. சமையலுக்கு நறுக்கும்போது எறிகிற காம்புப் பகுதியே போதும். பச்சைப்பூக்கோசின் தண்டு, முட்டைக்கோசின் அடிக்கட்டை, வெங்காயத்தின் வேர்ப்பக்கம் எல்லாமே நல்ல அச்சு. உணவை வீணாக்குகிறோமே என்ற மன உறுத்தலும் வராது. உருளைக்கிழங்கு என்றால் முதுகில் ஒரு முட்கரண்டியைக் குத்திவிடுங்கள். வழுக்கும் கிழங்கைச் சின்ன விரல்களால் பற்ற முடியாது. அதனால்தான் அச்சு இழுபடுகிறது.

உட்காரவைக்காதீர்கள். தாழ்ந்த மேசையருகே நிற்கவிடுங்கள். இந்த வயதில் அழுத்தம் விரலிலிருந்து வராது, தோளிலிருந்துதான் வரும். உட்கார்ந்த குழந்தை மணிக்கட்டால் தேய்க்கும். நிற்கிற குழந்தை உடம்பின் எடையால் அழுத்தும். "வை, அழுத்து, மூன்று எண்ணு, தூக்கு" என்று பாட்டுப்போலச் சொல்லிக் கொடுங்கள். மூன்று எண்ணுவதற்குள் இழுக்கிற ஆசை போய்விடும்.

வண்ணம் இரண்டு மட்டும். கலந்தாலும் அழகாக வருகிற ஜோடியாக இருக்கட்டும்: மஞ்சளும் சிவப்பும், அல்லது நீலமும் மஞ்சளும். சிவப்பும் பச்சையும் ஒரே மேசையில் இருந்தால் அரை மணி நேரத்தில் எல்லாம் சேற்று நிறமாகிவிடும். அதைப் பார்த்துத்தான் நமக்குக் குறுக்கிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித் தட்டு, தனி அச்சு.

மகனிடம் ஒரே அமர்வில் 10, 15 நிமிடத்துக்குமேல் எதிர்பார்க்காதீர்கள். 12 பரிசு என்றால் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று.


மழைக்காகிதம்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பரிசு என்பது வாங்குகிறவருக்கும் உரியது அல்லவா? குழந்தை செய்தது என்பதற்காகவே கோணல் மாணலாக ஏதோ ஒன்றைக் கொடுத்து, அவர்கள் மரியாதைக்குச் சிரித்து வாங்கி அலமாரியில் போட்டுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. என் பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஒரு நல்ல பொருள் செய்த பெருமை வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்குப் பெரியவர் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினால் என்ன தவறு? நீலவிரல் இதழ் வரைந்தது அன்பினால்தானே.


சாரல்

அன்பினால்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் குழந்தைக்குத் தன் பூ எது என்று தெரிந்திருந்தது. நமக்குக் குளம் கட்டிய கறையாகத் தெரிந்தது அவளுக்குப் பூ. ஒழுங்குபடுத்துவது தவறில்லை. அவளுக்குத் தெரியாமல் ஒழுங்குபடுத்தியதுதான் வலித்திருக்கும்.


நீலவிரல்

சாரல், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எழுந்து போய்க் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன். ஆம், அதுதான். மழைக்காகிதம், உங்கள் கேள்வியும் என் மனத்தில் இருந்ததுதான். கொடுக்கும் பொருள் பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும் என்று மகளே விரும்புகிறாள். அவள் பூவைத் தொடாமல் அந்த ஒழுங்கைக் கொண்டுவர வழி உண்டா?


வகுப்பறைஜன்னல்

உண்டு. மாஸ்கிங் டேப், அதாவது ஒட்டிவிட்டு எளிதாக உரிக்கக்கூடிய காகித டேப்.

துணியின் நாலு ஓரங்களிலும் இரண்டு விரல் அகலத்துக்கு டேப் ஒட்டிவிடுங்கள். நகத்தால் விளிம்பை நன்றாகத் தேய்த்து அழுத்திவிட வேண்டும், இல்லையென்றால் வண்ணம் அடியில் ஊறும். பிறகு குழந்தைகள் டேப்பின்மேலும் ஏறி, விருப்பம்போலப் பதிக்கட்டும். வண்ணம் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் டேப்பை உரித்தெடுத்தால், நடுவில் எவ்வளவு கலவரம் இருந்தாலும் சுற்றிலும் வெள்ளை விளிம்பு கத்தியால் வெட்டினாற்போல நிற்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு அதுவே ஓவியச் சட்டம். அவள் பூ ஒன்றும் மாறவில்லை. டேப்பை உரிக்கும் வேலையை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டுவிடாதீர்கள், இந்த வேலை முழுவதிலும் குழந்தைகள் மிகவும் விரும்பும் நொடி அதுதான்.

வாங்குகிறவரின் பெயரின் முதல் எழுத்தை டேப்பால் ஒட்டிவிட்டு, மகனை ஸ்பாஞ்சுத் துண்டால் அதன்மேல் குத்திக் குத்தி வண்ணம் போடச் சொல்லலாம். உரித்தால் எழுத்து வெள்ளையாக வரும். குழந்தை எவ்வளவு தாறுமாறாகக் குத்துகிறதோ அவ்வளவு அழகு. ஸ்பாஞ்சை நிமிர்த்திப் பிடித்துக் குத்த வேண்டும், தேய்க்கக் கூடாது. அது ஒன்றுதான் விதி.


இலைநரம்பு

வகுப்பறைஜன்னலின் டேப்பை இன்றே முயலப் போகிறேன். என் பங்குக்கு இலை அச்சு. 6 வயது மகளுக்கு இது மிகவும் பொருந்தும், ஏனென்றால் பாதி வேலை இலை தேடுவதில் இருக்கிறது.

நரம்பு புடைத்து நிற்கும் பின்பக்கத்தில்தான் வண்ணம் தடவ வேண்டும். பலர் பளபளப்பான மேல்பக்கத்தில் தடவிவிட்டு, ஒன்றும் வரவில்லையே என்கிறார்கள். பறித்த இலையை ஒரு மணி நேரம் கனமான புத்தகத்தில் வைத்துத் தட்டையாக்குங்கள். அதற்குமேல் வைத்தால் காய்ந்து ஒடியும். ஸ்பாஞ்சால் மெல்லிய பூச்சாகத் தடவி, வண்ணம் தடவிய பக்கம் துணியைத் தொடும்படி வைத்து, மேலே ஒரு தாளைப் போட்டுவிட்டு, குழந்தையின் உள்ளங்கையால் நடுவிலிருந்து விளிம்புக்கு அழுத்தச் சொல்லுங்கள். தாளுக்கு அடியில் நரம்புகள் விரலில் தட்டுப்படும். என் மகன் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வான், விரலாலேயே இலையைப் பார்ப்பதுபோல. தாளை எடுத்து, காம்பைப் பிடித்து இலையை ஒரே இழுப்பில் தூக்க வேண்டும்.

மகளிடம் சொல்ல ஒரு கதையும் தருகிறேன். 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் பணத்தாள் அச்சடித்துக் கொடுத்தார். கள்ளத்தாளைத் தடுக்க அவர் அதில் போட்டது இலையின் அச்சு. உண்மை இலையிலிருந்து உலோக வார்ப்பு எடுத்துப் பதித்தார். ஓர் இலையின் நரம்புப் பின்னலைப் பார்த்து அப்படியே செதுக்குவது எந்தத் திருடனாலும் முடியாது. இதை நான் சொன்ன நாளிலிருந்து என் மகன் தான் பதித்த ஒவ்வொரு துணியையும் "இதைப்போல இன்னொன்று யாராலும் செய்ய முடியாது" என்று சொல்லித்தான் கொடுக்கிறான்.


தொட்டில்கயிறு

செவிலியராக ஒரு குறுக்கீடு. இழையைப் படித்துவிட்டுக் கைக்குழந்தையின் கை அச்சும் போடலாம் என்று யாராவது நினைப்பீர்கள். ஃபேப்ரிக் பெயின்ட்டை, அக்ரிலிக்கைப் பிஞ்சுத் தோலில் தடவாதீர்கள். அவை தோலுக்காகச் செய்தவை அல்ல, காய்ந்தால் உரசித்தான் எடுக்க வேண்டும். குழந்தைகளுக்கான விரல் வண்ணம் என்று தனியே விற்பதை வாங்கிக் காகிதத்தில் பதியுங்கள். ஐரோப்பிய பொம்மைப் பாதுகாப்பு விதிகளில் விரல் வண்ணத்தில் கசப்புப் பொருள் சேர்க்க வேண்டும் என்றே இருக்கிறது, குழந்தை வாயில் வைத்தவுடன் துப்பிவிடுவதற்காக.

உள்ளங்கையைத் தொட்டாலே கைக்குழந்தை விரலை மூடிக்கொள்ளும். பிறவியிலேயே வரும் அனிச்சைச் செயல் அது, ஏறக்குறைய 5, 6 மாதத்தில் மறையும். அதுவரை விரலைப் பிரித்து இழுக்காதீர்கள். புறங்கையை மெல்ல வருடினால் தானாகத் திறக்கும். அதுவும் வராவிட்டால் பாதம் போதும். தூங்கும் குழந்தையின் பாதத்தில் பதிப்பது எளிது.

லினோ (அச்சுக்காகச் செதுக்கும் மெத்தென்ற தகடு) செதுக்கும் உளியும் இஸ்திரிப் பெட்டியும் முழுக்கப் பெரியவர்களுக்கு. 6 வயதுக்கும் உளி வேண்டாம்.


நிழல்நீலம்

என் 4 வயது மகள் கையில் வண்ணம் பட்டால் உடனே கழுவ வேண்டும் என்று அழுவாள். பிசுபிசுப்பைத் தாங்கவே மாட்டாள். அச்சு வேலையே நமக்கு இல்லை என்று விட்டிருந்தேன். பிறகு சூரிய அச்சு கிடைத்தது. இப்படிப்பட்ட குழந்தை உள்ளவர்களுக்காக எழுதுகிறேன்.

சயனோடைப் என்று பெயர். 1842இல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் கண்டுபிடித்தது. இரும்பு உப்பு தடவிய தாளின்மேல் ஒரு பொருளை வைத்து வெயில் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் மாறும், நிழல் விழுந்த இடம் மாறாது. பிறகு வெறும் தண்ணீரில் அலசினால் நிழல் வெள்ளையாகவும் மற்றதெல்லாம் ஆழ்ந்த நீலமாகவும் நிற்கும். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் கடற்பாசிகளை இப்படித் தாளில் வைத்து அச்செடுத்து, புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். ஒளிப்படங்களைக் கொண்ட முதல் புத்தகம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

மருந்தை வீட்டில் கலக்க வேண்டாம். தடவிக் காயவைத்த தாள்கள் கட்டாக விற்கின்றன. ஜன்னல் இல்லாத அறையில் தாளை எடுத்து, ஓர் அட்டைமேல் வைத்து, என் மகள் இறகு, புல், கத்தரித்த காகித நட்சத்திரம் என்று அடுக்குவாள். மேலே கனமில்லாத கண்ணாடித்தாள் போட்டு, கிளிப்பால் இறுக்கி வெயிலுக்குக் கொண்டுபோவோம். வெயிலைப் பொறுத்துச் சில நிமிடம். வெளிறிய பச்சை மெல்லச் சாம்பலாக மாறுவதைக் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். நீரில் போட்டதும் நீலம் ஏறும். காய்ந்த மறுநாள் இன்னும் ஆழமாகும். சின்னத் தாள்களை நூல் கோத்துப் புத்தக அடையாள அட்டையாக்கிக் கொடுத்தோம், கையில் ஒரு சொட்டு வண்ணம் படவில்லை.

துணியில் செய்தால், வாங்குகிறவருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்: சலவைச் சோடா, காரமான சோப்பு ஆகாது, நீலம் பழுப்பாகி வெளுத்துவிடும்.


மழைக்காகிதம்

டேப் விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன், வகுப்பறைஜன்னல். நேற்று செய்து பார்த்தேன். நான் ஒழுங்கு என்று எதைக் கேட்டேனோ அது வந்தது, பிள்ளையின் கோட்டில் நான் கைவைக்கவும் இல்லை.

எனக்கு இன்னொரு சிக்கல். தெர்மகோல் தட்டில் பென்சிலால் அழுத்தி வரைந்து, மேலே வண்ணம் உருட்டி, காகிதத்தில் கவிழ்த்துப் பதித்தோம். கோடு வெள்ளையாக அழகாகவே வந்தது. ஆனால் என் 7 வயதுக்காரன் தன் பெயரை எழுதியிருந்தான். எல்லாம் தலைகீழ், இடவலம் மாறி வந்துவிட்டது. மிகவும் மனம் உடைந்துபோனான்.


கட்டைஅச்சு

அச்சில் எழுத்து எப்போதும் கண்ணாடியில் தெரிகிற மாதிரிதான் செதுக்கியிருக்க வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் எழுத்துக் கட்டையை நேராகவே செதுக்கிவிட்டேன். எங்கள் மேஸ்திரி திட்டவில்லை. கட்டையை என்னிடமே கொடுத்து, பதித்துப் பார்க்கச் சொன்னார். மகனிடம் சொல்லுங்கள், இந்தத் தொழிலுக்கு வந்த எல்லோருக்கும் இது நடக்கும்.

வழி எளிது. மெல்லிய தாளில் மை நன்றாகத் தெரியும்படி பெயரை நேராக எழுதட்டும். தாளைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினால் எழுத்து மாறித் தெரியும், அதன்மேலேயே பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும். அந்தப் பின்பக்கம் மேலே இருக்கும்படி தெர்மகோலில் வைத்து, பென்சிலால் அழுத்தி எழுதினால் தட்டில் பள்ளம் விழும். நம் எழுத்துகளில் ப, ஃ போன்ற ஒன்றிரண்டுதான் திருப்பினாலும் மாறாமல் இருக்கும். வேறு எந்தெந்த எழுத்து மாறாது என்று அவனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், ஒரு மாலை முழுவதும் போகும்.


மேசைவிளக்கு

வணக்கம் பிள்ளைகளே. எனக்கு 71 வயது. வாங்குகிற பக்கத்திலிருந்து ஒருவர்கூட எழுதவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

9 ஆண்டுகளுக்கு முன் பேத்தி ஒரு கைக்குட்டை கொடுத்தாள். நடுவில் வரிசையாக 4 இலை. ஐந்தாவது இலைக்கு இடம் போதாமல் பாதியில் விளிம்பைத் தாண்டிப் போயிருக்கிறது. ஒரு மூலையில் அவள் கட்டைவிரல் ரேகை பச்சையாக ஒட்டியிருக்கிறது, துணியைத் திருப்பியபோது பட்டிருக்கும். எத்தனையோ சலவைக்குப் பிறகு இலைகள் வெளுத்துவிட்டன, அந்த ரேகை மட்டும் அழுத்தமாக இருக்கிறது. இப்போது அவள் கை என் கையைவிடப் பெரியது. அந்த விரல் அவ்வளவு சிறியதாக இருந்தது என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தக் கைக்குட்டைதான். அம்மா மழைக்காகிதம், மரியாதைக்குச் சிரித்து வாங்குகிறவர்களும் இருப்பார்கள். இதை எழுதும்போதும் என் சட்டைப் பையில் அது இருக்கிறது.

நீலவிரலுக்கு ஒரு யோசனை. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரை வரையச் சொல்லி ஒரு பண்டிகை வாழ்த்து அட்டை அச்சடித்தார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று அதைச் சொல்வார்கள். கோடுகளைக் கல்லச்சில் பதித்துவிட்டு, வண்ணத்தைக் கையால் தீட்டினார்கள். ஆகவே அச்சின்மேல் கை வேலை செய்வது பழைய வழக்கம்தான். பூ காய்ந்த பிறகு இதழ் வேண்டும் என்று தோன்றினால், துணியில் எழுதும் பேனாவை மகளிடமே கொடுத்துவிடுங்கள். வேண்டும் என்றால் அவள் வரைவாள். வேண்டாம் என்றால் அதுவும் அவள் முடிவு.


நீலவிரல்

எல்லோருக்கும் நன்றி. 9 நாள் கழித்து வருகிறேன்.

முதலில் மகளிடம் பேசினேன். சென்ற ஆண்டு இரவில் அவள் பூக்களை நான் மாற்றியது தவறு என்று சொன்னேன். அவள், "எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு, "இந்த முறை எத்தனை பை?" என்று கேட்டாள்.

பை இல்லை, மேசைத் துண்டு. நல்ல பருத்தி. துவைத்து, இஸ்திரி போட்டு வைத்தேன். கம்பளி மெத்தை, ஸ்பாஞ்சுத் தட்டு, மஞ்சள், நீலம். நான் எல்லாவற்றையும் முதல் நாளே எடுத்து வைத்தேன், வேலை நடக்கும்போது என் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பதற்காக டேப் சுருளைப் பிடித்துக்கொண்டேன். கட்டைஅச்சு ஐயா, வெல்வெட் போல என்று நீங்கள் சொன்னதை மகள் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் வெண்டைக்காயை விளக்குப் பக்கம் சாய்த்துப் பார்த்து, "இன்னும் பளபளக்கிறது" என்று செய்தித்தாளில் ஒரு ஒற்று ஒற்றிவிட்டுத்தான் துணிக்கு வருகிறாள். நான் சொல்லித்தரவில்லை, ஒருமுறை படித்துக் காட்டினேன், அவ்வளவுதான். இரண்டாம் நாள் மஞ்சள் பூவின் விளிம்பில் நீலம் ஏறி ஒரு பச்சைக் கீற்று வந்தது. அது அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது, அதன்பிறகு வேண்டுமென்றே அப்படிப் பதிக்கிறாள். பேனாவை மேசையில் வைத்திருந்தேன். அவள் பதித்த 8 துண்டில் 2 துண்டுக்கு மட்டும் எடுத்தாள். இதழ் வரையவில்லை, பூக்களுக்கு நடுவே எறும்பு வரைந்தாள்.

மகன் ஒவ்வொரு நாளும் 10 நிமிடம் நிற்கிறான். "மூணு!" என்று கத்திவிட்டுத் தூக்குகிறான். ஒன்று, இரண்டு அவனுக்குத் தேவைப்படவில்லை. இருந்தாலும் அச்சு இழுபடவில்லை.

இன்று 12ஆவது துண்டு, அவனுடையது. டேப் ஒட்டிக் கொடுத்தேன். துணியை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தான். கீழே இடதுமூலையில், டேப்பை ஒட்டி, ஒரே ஒரு நீலப் பூவைப் பதித்தான். மூன்று எண்ணினான், தூக்கினான், வெண்டைக்காயைத் தட்டில் வைத்துவிட்டு, "முடிந்தது" என்றான். இவ்வளவு பெரிய துணி வெறுமையாகக் கிடந்தது. இன்னும் இரண்டு பூ போடேன் என்று வாய்வரை வந்துவிட்டது. அப்போது மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "டேப்பை உரிக்கலாமா?" என்று மட்டும் கேட்டேன். இருவரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து உரித்தார்கள்.

வெள்ளை விளிம்புக்குள், அந்தப் பெரிய வெறுமையின் ஓரத்தில், ஒரு பூ. அதை யாருக்குக் கொடுப்பது என்று அவனே சொல்லிவிட்டான். மற்ற 11 துண்டுகளோடு அதுவும் இப்போது கொடியில் காய்கிறது. நாளை இஸ்திரி போட வேண்டும். பிள்ளைகள் இருவரும் எழுந்து வந்த பிறகுதான் பெட்டியைச் சூடாக்கப் போகிறேன்.